கறுப்பு வெல்வெட்டும் நீலக் கண்களும்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வான்கூவருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியும் கிளாப் அடிக்கவும் லென்ஸ் பெட்டிகளைத் தூக்கவும்தான் விடுகிறார்கள் என்றும், படப்பிடிப்புக்கு வந்த ஒருவர் உன்னைச் சாப்பாட்டுப் பிரிவு ஆள் என்று நினைத்துக் காபி கேட்டார் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த உன் அம்மா, உடனே திரும்பி வரச் சொல்லுங்கள் என்றாள். நாற்பது ஆண்டுகளை ஸ்டுடியோவின் இருட்டறையில் கழித்த எனக்குப் புத்திமதி சொல்ல வராது. படம் பிடித்தவர்களைப் பற்றிப் பேச மட்டுமே தெரியும். அதனால் ஹாலிவுட் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வாங் ஹோவைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1899இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் அமெரிக்காவுக்கு வந்து, வாஷிங்டன் மாநிலத்தின் பாஸ்கோ என்ற சிற்றூரில் வளர்ந்தார். தந்தை இறந்த பிறகு சில காலம் குத்துச்சண்டை போட்டார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் கையில் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். 1917இல் லாஸ்கி படநிறுவனத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, வாரம் பத்து டாலர் சம்பளத்தில் கேமரா அறையைக் கூட்டிப் பெருக்குவது. பிறகு கிளாப் பலகை பிடிக்க விட்டார்கள். இயக்குநர் செசில் பி. டிமில்லுக்கு அவரைப் பிடித்துப்போனதால் கேமரா உதவியாளர் ஆனார். நீ இப்போது நிற்கும் அதே இடம்.

அந்த நாட்களில் நடிகர்களை ஸ்டில் படம் எடுத்துக் கொடுத்து அவர் கொஞ்சம் கூடுதல் காசு பார்த்தார். மேரி மைல்ஸ் மின்டர் என்ற நட்சத்திரத்தை அப்படி எடுத்தபோது, தன் கண்கள் அந்தப் படத்தில் கருமையாக விழுந்திருப்பதைக் கண்டு அந்த நடிகை அசந்துபோனார். காரணம் உனக்கே தெரியும் என்றாலும் சொல்கிறேன். அன்றைய கறுப்பு வெள்ளை ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக விழும்; நீலம் அளவுக்கு மீறித் தெரியும். ஆகவே வெளிர்நீலக் கண்கள் திரையில் பாலைப்போல் வெளுத்து, பார்வையற்றவர் கண்களாகிவிடும். திரைப்படத்திலும் இப்படிக் கருமையாக எடுக்க முடியுமா என்று மின்டர் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டார் ஹோ. எப்படி நேர்ந்தது என்பது அப்போது அவருக்கே தெரியாது.

திரும்பிப் போய், படம் எடுத்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். எதிரே கறுப்பு வெல்வெட்டுத் துணி ஒன்று இருந்தது. கருவிழி ஒரு சின்னக் கண்ணாடிதானே, அம்மா. எதிரில் இருப்பதைத்தான் அது காட்டும். ஒரு சட்டத்தில் கறுப்பு வெல்வெட்டைக் கட்டி, நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, கேமராவின் முன்னே நிறுத்தி, 1922இல் மின்டரின் நெருக்கக் காட்சிகளை எடுத்தார். வெல்வெட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படம் எடுக்கும் சீனக் கேமராக்காரர் ஒருவரை மின்டர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்களாம். நீலக் கண்ணுடைய மற்ற நடிகர்களும் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. 1920களின் இறுதியில் அவர் சீனா சென்று திரும்புவதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. ஒலிப்படத்தில் அனுபவமில்லாதவர் என்று சொல்லி யாரும் வேலை கொடுக்கவில்லை. பெயரெடுத்த ஒளிப்பதிவாளர் மீண்டும் வாசல் வாசலாக ஏறி இறங்கி, 1931 வாக்கில்தான் நிமிர்ந்தார். எழுத்தாளர் சனோரா பாப்பை அவர் 1937இல் பாரிஸில் மணந்தார். சனோரா வெள்ளையர் என்பதால் கலிபோர்னியாவில் அந்தத் திருமணம் செல்லாது. மாநில உச்ச நீதிமன்றம் 1948இல் அந்தத் தடைச்சட்டத்தைத் தள்ளிய பிறகு, 1949இல்தான் அங்கே சட்டப்படி மணம் முடிந்தது. சீனர்கள் குடியுரிமை பெறுவதற்கு இருந்த தடையும் 1943 வரை நீங்கவில்லை. உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியர் என்று தவறாக நினைத்துவிடக் கூடாதென்று, ‘நான் சீனன்’ என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்.

உன்னிடம் காபி கேட்டவரைப் பற்றிப் படித்ததும் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. ஹோ ஒரு சீன உணவகமும் நடத்தினார். அதைப் படமெடுக்க வந்த ஒரு புகைப்படக்காரர், கட்டடம் முழுவதும் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்று பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுச்சாலைக்கே போய்விட்டாராம். அகலக் கோண லென்ஸ் போட்டால் போதுமே என்று ஹோ சொல்ல, படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் நூடுல்ஸைக் கவனி என்றாராம் அவர். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உனக்கு இப்போதைக்கு வராமல் போனால் அதுவும் நியாயம்தான்.

1947இல் வந்த ‘பாடி அண்ட் சோல்’ படத்தின் குத்துச்சண்டைக் காட்சிக்கு, சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, கையில் சின்னக் கேமராவோடு வளையத்துக்குள் சுற்றியவர் இவர். இளமையில் அடி வாங்கியவருக்குத்தானே தெரியும், விழப்போகிறவனின் கண்ணுக்கு அந்த இடம் எப்படி ஆடும் என்று! ‘தி ரோஸ் டாட்டூ’, ‘ஹட்’ ஆகிய இரண்டு படங்களுக்கும் ஆஸ்கர் விருது பெற்றார். பத்து முறை பரிந்துரைக்கப்பட்டார். இரண்டில் எனக்குப் பிடித்தது ‘ஹட்’. டெக்சாஸ் சமவெளியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அழகான மேகங்களைத் தேடி அலையாமல் வானத்தை வெறுமையாக விட்டிருப்பதால், அந்த வெயில் நம் மேலேயே அடிக்கிறது. அவர் 1976இல் காலமானார். முந்தைய ஆண்டு வெளிவந்த படத்துக்கும் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது.

வருவதா இருப்பதா என்பதை நீயே முடிவு செய். வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது. அம்மாவைச் சமாளிப்பது என் பொறுப்பு. இருப்பதாக முடிவு செய்தால், அடுத்த கடிதத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, உங்கள் ஒளிப்பதிவாளர் முக்கிய விளக்கை எங்கே வைத்தார், ஏன் அங்கே வைத்தார் என்பதையும் எழுது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உன் தாத்தா ஆர்த்தோவில் எடுத்த அத்தைப் பாட்டியின் படம் ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நெற்றிப் பொட்டு கன்னங்கரேலென்று இருக்கிறதே என்று கணினியில் திருத்திவிடாதே, அது குங்குமம்தான்.

அன்புடன்,
அப்பா