தியாகராயர் நினைவுக் காட்சி அறை: உங்கள் பங்கும் வேண்டும்

வண்ணாரப்பேட்டை மக்களுக்கும் வடசென்னை நண்பர்களுக்கும் வணக்கம்.

பிட்டி தியாகராயர் என்றால் பலருக்கும் தி.நகர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் தறி போட்டு நெசவுத் தொழில் நடத்தியதும், அவர் பெயரில் கல்லூரி இருப்பதும் நம் வண்ணாரப்பேட்டையில்தான். அவருக்காக நம் வாசகசாலை மாடியில் ஒரு காட்சி அறை அமைக்கிறோம்.

1882-இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் சென்னை மாநகராட்சி உறுப்பினர். மன்றமே தேர்ந்தெடுத்த முதல் தலைவரும் அவர்தான். 1916-இல் டாக்டர் டி.எம். நாயர் போன்றோருடன் நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920 தேர்தலுக்குப் பின் தேடி வந்த முதல் அமைச்சர் பதவியை வேண்டாம் என்றார். இதெல்லாம் மேடைகளில் அடிக்கடி கேட்டதுதான். எங்களுக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது ஓர் அணாக் கணக்கு.

ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்த வறுமையால் பள்ளிக்கு வருவோர் எண்ணிக்கை குறைகிறது என்று தியாகராயர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு உணவு தரலாம் என்று 1920 செப்டம்பரில் தீர்மானம் நிறைவேறியது. அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட அரசு சம்மதிக்காததால் 1925-இல் நின்றுபோனது. அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இன்று சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் இந்தக் கதையைச் சுவரில் பெரிய எழுத்தில் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அறையின் நடுவில் ஒரு கைத்தறி வைக்கப்போகிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பத்தார் பரணில் கிடந்த பழைய தறியை மனமுவந்து கொடுத்திருக்கிறார்கள். அச்சும் நாடாவும் நன்றாக இருக்கின்றன. மரச் சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. அதைப் புதிதாகச் செய்யவும், படங்களைப் பெரிதாக்கிச் சட்டமிடவும், மின்விளக்கு, அலமாரி வேலைக்கும் மொத்தம் 4,50,000 ரூபாய் ஆகும். 1,60,000 ரூபாய் கைக்கு வந்துவிட்டது. மீதிக்கு உங்களை நம்பியிருக்கிறோம். பத்து ரூபாயானாலும் சரி, தயங்காமல் கொடுங்கள், ரசீது தருவோம்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் புகைப்படமோ, மாநகராட்சி நோட்டீசோ, நீதிக்கட்சி மலரோ இருந்தால் எடுத்து வாருங்கள். உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருகிறோம்.

பொருளாளர் ஞாயிறுதோறும் மாலையில் வாசகசாலையில் இருப்பார். வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் அங்கேயே பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
காட்சி அறைக் குழுவினர்