தாய்ப்பால் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

காரைக்குடி

அன்புடையீர்,

தாய்ப்பால் அறிவியல் சான்றிதழ் வகுப்பின் முதல் அணி மாணவியர் தேறிவிட்டார்கள். மேடையில் அவசரமாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இந்த மடல்.

"இது மகப்பேறா, குழந்தை மருத்துவமா, ஊட்டச்சத்தா?" பாடத்திட்டத்தோடு போன இடமெல்லாம் இதே கேள்விதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தனித் துறை உண்டு. பால் சுரக்கும் மார்புக்கோ நோய் வந்த பிறகுதான் நிபுணர். 1840இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் தந்த மார்பின் உடற்கூற்று விவரத்தையே பாடநூல்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருந்தன. பால் நாளங்கள் பதினைந்து முதல் இருபது என்று நாங்களும் மனப்பாடம் செய்தோம். 2005இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, முக்கிய நாளங்கள் சராசரியாக ஒன்பதுதான். சொந்தத் துறை இல்லாத பொருளை மறுபடி சரிபார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இதைப் பொறுமையாகக் கேட்டு, உயிர்வேதியியலின் கீழ் இடம் ஒதுக்கிய எங்கள் முதல்வருக்கு முதல் வணக்கம்.

பள்ளத்தூர் ஆச்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வளவைத் திறந்துவிட்டதோடு நீங்கள் நிறுத்தவில்லை. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதும், "சர்க்கரைத் தண்ணீர் ஆகாது என்றால் தாய்ப்பாலில் மட்டும் சர்க்கரை இல்லையா?" என்று மடக்கினீர்கள். அன்றைய பாடமே அதுவாகிவிட்டது. இருக்கிறது ஆச்சி: லாக்டோஸ் குழந்தைக்கு. அதோடு ஒலிகோசாக்கரைடு என்னும் தொடர் சர்க்கரைகளும் உண்டு. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு இரை, நோய்க்கிருமி ஒட்டாமல் தடுக்கும் காவல். பிறகு உங்கள் கொள்ளுப்பேரன் பிறந்தபோது சங்கை வெறுமனே கையில் பிடித்துச் சடங்கை முடித்துவிட்டு, சீம்பால் கொடுக்கச் சொன்னீர்களாம். என் விரிவுரைகளைவிட அந்தச் செய்திதான் ஊரில் வேகமாகப் பரவியது.

தாய்மார் தானமாகத் தரும் பாலைச் சேமிக்கும் பால் வங்கியைச் சுற்றிக் காட்டி, கிருமி போக அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கும் முறையை விளக்கிய செவிலியர் சகோதரிகளுக்கும் நன்றி. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிவைத்த பால் வங்கி வேலை அது.

மையவிலக்குக் கருவி வாங்கித் தந்த தேவகோட்டை அண்ணனுக்கு என்ன சொல்ல? பெயர்ப்பலகை வேண்டாம் என்ற நன்கொடையாளரை இந்தச் சீமையில் நான் அதிகம் கண்டதில்லை! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியலுக்கு 1953இல் காரைக்குடியில் மத்திய ஆய்வகம் திறந்தது. சூரிக்கிலும் பெர்த்திலும் தாய்ப்பால் ஆய்வுக்கென்றே அறக்கட்டளைப் பணத்தில் பேராசிரியர் இருக்கைகள் வந்துவிட்டன. அப்படி ஓர் இருக்கை இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்பதைப் பேராசை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கைக்குழந்தையோடு வந்து சில துளிப் பால் கொடுத்த தாய்மாரே, ஊட்டத் தொடங்கும்போது எடுத்ததையும் முடிக்கும்போது எடுத்ததையும் நுண்குழாயில் இட்டுச் சுழற்றினோம். பின்பாலில் கொழுப்பு ஏறி நின்றதை மாணவியர் கண்ணால் பார்த்தார்கள். உங்கள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாதி விளக்கம் காதில் விழவில்லை, பரவாயில்லை.

அடுத்த அணிக்கான சேர்க்கை ஆகஸ்ட் முதல் வாரம், உலகத் தாய்ப்பால் வாரத்தில் தொடங்கும்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்பாளர்