அடுப்பு பற்றவில்லை என்றால் அழுத்திக்கொண்டே இராதே

மதுரை, செல்லூர்
ஆடி மாதம், திங்கட்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு வெளிநாட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க மீனாட்சி துணையிருப்பாள்.

நேற்று வீடியோவில் உங்கள் வீட்டுப் பின்கட்டையும், அதில் வைத்திருக்கும் கேஸ் கிரில்லையும் காட்டினாய். பேரனுக்குக் கோழி சுட்டுக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே அதைப் பற்றவைக்கும் பொத்தானை அழுத்தினாய். பற்றவில்லை. மறுபடி அழுத்தினாய். பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தியிருப்பாய். அத்தனை நேரமும் கேஸைத் திறக்கும் குமிழ் முழுதாகத் திறந்திருந்தது. மேல்மூடி முக்கால்வாசி மூடியிருந்தது. மாப்பிள்ளை என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக முகத்தை அதன் மேலேயே கொண்டுபோனார். "முதலில் கேஸை மூடு" என்று நான் கத்தியது உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நல்லவேளையாக நீயே சலித்துப்போய் மூடிவிட்டாய். அதன் பிறகு எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால், 35 ஆண்டுகள் கேஸ் அடுப்புப் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதியே அனுப்புகிறேன்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் பெரிய அடுப்பைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். நீ அப்போது நான்காம் வகுப்பு. கடைப் பையன் குமிழைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடப் போனான். தேடி எடுத்து வருவதற்குள் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் குச்சியை உரசியதும் 'பக்'கென்று ஒரு சத்தம், கல்லுக்கு அடியிலிருந்து என் இடுப்பு உயரத்துக்குத் தீ எழும்பியது. என் புருவமும் கை முடியும் பொசுங்கின. அந்தப் பையனுக்கு மணிக்கட்டில் தோல் உரிந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்தபோது நீ என் முகத்தைப் பார்த்து அழுதது உனக்கு நினைவிருக்கலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. நெருப்பு கிடைக்காவிட்டால் மேலே பறந்து போகாமல் பள்ளம் பார்த்துத் தண்ணீரைப்போலத் தேங்கும். உன் கிரில்லோ ஒரு பெட்டி. மூடியும் சாத்தியிருந்தால், தேங்குவதற்கு அதைவிட வாகான இடம் வேறு இல்லை. பதின்மூன்றாவது அழுத்தலில் பொறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

ஆகவே பற்றவைக்கும்போதெல்லாம் மூடி முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குமிழைத் திறந்து 5 நொடிக்குள் பற்றாவிட்டால் உடனே மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடியே 5 நிமிடம் காத்திருந்து, அதன் பிறகுதான் மறுபடி முயல வேண்டும். பேரன் பசிக்கிறது என்று அழுதாலும் அந்த 5 நிமிடத்தைக் குறைக்காதே.

இனிக் கோளாறு எங்கே என்பதைப் பார்ப்போம். அடுப்பு பற்றுவதற்குக் கேஸ் வேண்டும், பொறி வேண்டும்; இரண்டில் எது வரவில்லை என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு தீக்குச்சி போதும். உன் கிரில்லின் பக்கவாட்டில் குச்சி நுழைக்கும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும்; நீளக் குச்சியையோ நீளமூக்கு லைட்டரையோ எரியவிட்டுப் பர்னர் அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அதன் பிறகு குமிழைத் திற. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் "நெருப்பு முன்னே, கேஸ் பின்னே" என்பார். இந்த வரிசையை ஒருநாளும் மாற்றாதே. குச்சியில் நன்றாகப் பற்றி நீலமாக எரிந்தால் கேஸில் குறையில்லை, பொறியில்தான் கோளாறு. குச்சிக்கும் பற்றாவிட்டால் பொத்தானைப் பழிப்பதில் பயனில்லை.

பொறிதான் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நேற்று நீ அழுத்தியபோது 'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து ஒலித்ததா, அழுத்துக்கு ஒரு முறை 'டக்' என்றதா என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தொடர்ந்து ஒலிப்பது பேட்டரியில் ஓடுவது. பொத்தானின் தலையை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். பெரும்பாலும் அதற்குள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவதைப்போன்ற பென்சில் செல் ஒன்று இருக்கும். ஒலி மந்தமாகவோ விட்டுவிட்டோ வந்தால் செல் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒலியே இல்லையென்றால் செல்லைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா என்றும், செல் கசிந்து உள்ளே இருக்கும் தகட்டிலும் சுருளிலும் வெண்பொடி பூத்திருக்கிறதா என்றும் பார். பூத்திருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட்டுப் புதுச் செல் போடு, கையைக் கழுவிவிடு. கோளாறு என்று வரும் தானியங்கி அடுப்புகளில் பல, ஒரு செல்லை மாற்றியதிலேயே சரியாகிவிடும். நான் அதற்குக் கூலி வாங்கியதில்லை.

ஒரே ஒரு 'டக்' என்றால் அதற்குப் பேட்டரி கிடையாது. நம் வீட்டுச் சமையலறையில் தொங்கும் லைட்டரும் அதே இனம்தான். உள்ளே ஒரு சிறு சுத்தியல் வில்லின் விசையால் ஒரு படிகத்தின் மேல் அடிக்கிறது. அடிபட்ட படிகம் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைத் தருகிறது. இப்படி அழுத்தத்தால் படிகத்தில் மின்சாரம் பிறப்பதை 1880ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். பேரன் இதையெல்லாம் கேட்கும் வயதுக்கு வந்துவிட்டான், அவனிடம் சொல். அழுத்தும்போது 'டக்' என்ற அடி விரலுக்குத் தெரியாவிட்டால் அந்தப் பொத்தான் தொகுதியே போய்விட்டது. மாற்றுவது தவிர வழியில்லை. அடி கேட்டும் பொறி இல்லையென்றால் கோளாறு அதற்கு அப்பால், ஒயரிலோ முனையிலோ இருக்கிறது.

அதைப் பார்க்க வேண்டிய நேரம் இருட்டுகிற நேரம். சிலிண்டரை முழுதாக மூடி, குமிழ்களையும் மூடி, மூடியைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, கம்பி வலையையும் அதன் கீழுள்ள தகடுகளையும் எடுத்துவிடு. பர்னரின் பக்கத்தில் சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளைப் பீங்கான் குழலும், அதன் நுனியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையும் தெரியும். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தட்டும். நீ தள்ளி நின்று, சாய்ந்து பார். முனையிலிருந்து பர்னருக்கு நீலமும் வெண்மையும் கலந்த பொறி 'சட்'டென்று தாவ வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் போதாது. முனைக்கும் பர்னருக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு தீக்குச்சியைச் சேர்த்துவைத்த கனம், அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருந்தால் சரி. வலையைத் தேய்க்கும்போது பிரஷ் பட்டு அந்த முனை கோணிப்போவது வழக்கம். கம்பியை மட்டும் மெதுவாக வளைத்துச் சரிசெய். பீங்கானைப் பிடித்து நெம்பினால் அது உடைந்துவிடும்.

சில சமயம் பொறி வரும், ஆனால் முனையில் வராமல் பீங்கானின் நடுவயிற்றில் வரும். அங்கே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருக்கும். பகலில் பத்து முறை பார்த்தாலும் அது கண்ணில் படாது, இருட்டில் பொறியே காட்டிக்கொடுத்துவிடும். டேப் சுற்றியோ பசை தடவியோ அதைக் காப்பாற்ற நினைக்காதே, புதிது வாங்கு. விரிசல் இல்லாமல் கொழுப்பும் கரியும் படிந்திருந்தால், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து முழுக்கக் காயவிட்ட பிறகே பற்றவை. தண்ணீர் ஊற்றிக் கழுவிய மறுநாள் பற்றாமல் போவதற்கும் காரணம் வேறில்லை, முனையில் ஈரம் நிற்கும்.

ஒயரையும் பார்த்துவிடு. பொத்தானின் பின்னால் செருகிய இடத்தில் கழன்றிருக்கலாம், பர்னரின் சூடு பட்டு மேல்தோல் உருகியிருக்கலாம், உங்கள் ஊர் அணில் கடித்தும் இருக்கலாம். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம், சுள்ளென்று அடிக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பொறி மெலிந்தே வந்தால் துருவைச் சந்தேகப்படு. பொறி பர்னருக்குத் தாவினால் மட்டும் போதாது; அந்த மின்சாரம் பர்னரின் உலோகம் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். பர்னரை உடலோடு பிணைக்கும் திருகு துருப்பிடித்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கு.

மற்றொன்று, பல கிரில்களில் எல்லாப் பர்னருக்கும் பொறிமுனை இருப்பதில்லை. ஒன்றில் பற்றவைத்து அதிலிருந்து மற்றவை பிடித்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். நீ திறந்த குமிழ் அந்தப் பர்னருடையதுதானா என்று உடன் வந்த புத்தகத்தில் பார்.

தீக்குச்சிக்கும் பற்றவில்லை என்றால் முதலில் சிலிண்டரை எடைபோடு. உங்கள் ஊர் கிரில் சிலிண்டர் நம் 14.2 கிலோ சிலிண்டரைவிடச் சின்னது, நிரம்பினால் ஏறக்குறைய 9 கிலோ கேஸ் பிடிப்பது. காலி எடை கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும். கேஸ் இருந்தும் வரவில்லை என்றால், அந்த நாட்டு ரெகுலேட்டரில் உள்ள ஒரு பாதுகாப்பு ஏற்பாடு தடுத்திருக்கக்கூடும். அடுப்புக் குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைத் திறந்தாலோ, சிலிண்டரைச் சட்டென்று முழுதாகத் திறந்தாலோ, எங்கோ குழாய் அறுந்துவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு கேஸை ஒரு நூல் அளவுக்குக் குறைத்துவிடும். பற்றினாலும் சோகையாக எரியும், கறி வேகாது. குமிழ்களையெல்லாம் மூடி, சிலிண்டரையும் மூடி, குழாயைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி மாட்டி, சிலிண்டரை மெல்ல மெல்லத் திற. அது பழைய நிலைக்கு வந்துவிடும். மாட்டிய இடத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்காமல் பற்றவைக்காதே. குமிழி கிளம்பினால் அன்றைக்குச் சமையல் உள்ளேதான்.

கடைசியாக, பர்னரின் குழல். இதை நான் மனத்தில் வைத்துக்கொண்டே இவ்வளவும் எழுதினேன், ஏனென்றால் உன் கிரில் குளிர்காலம் முழுக்க உறை போட்டுக் கிடந்தது என்றாய். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் நம் சமையல் காண்ட்ராக்டர்கள் அடுப்புகளைக் கொட்டகையில் அடுக்கிவிடுவார்கள். தை பிறந்ததும் "பற்ற மாட்டேன் என்கிறது" என்று ஒவ்வொன்றாக என் பட்டறைக்கு வரும். குழலைக் கழற்றித் தரையில் தட்டினால் குளவி கட்டிய மண்கூடு பொலபொலவென்று உதிரும், உள்ளே பச்சைப் புழு இருக்கும். உங்கள் ஊரில் அந்த வேலையைச் சிலந்தி செய்யும். குழலுக்குள் அது பின்னும் வலை ஒன்றே கேஸை மறிக்கப் போதுமானது. மறிபட்ட கேஸ் பின்னால் திரும்பிக் குமிழின் அருகிலேயே எரியத் தொடங்கும் ஆபத்தும் உண்டு, ஆகையால் இதை அசட்டையாக விடாதே. குழலைக் கழற்றி, பேரனின் பால் பாட்டில் கழுவிய நீள பிரஷ் போன்ற ஒன்றை விட்டுத் துடைத்து, மறுபடி பொருத்தும்போது குழலின் வாய், கேஸ் பீச்சும் சிறு துளை உள்ள நாசிலின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார். நாசில் துளையில் மட்டும் ஊசி விடாதே. பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசியால் குத்தியதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, கை பழக்கத்தில் போகும். கேஸ் நாசிலின் துளை ஒரு நூல் பெரிதானாலும் தீ மஞ்சளாகிப் புகை கக்கும்.

வரும் சனிக்கிழமை வரை தீக்குச்சியிலும் பற்றவைக்க வேண்டாம். அன்று உங்களுக்கு இருட்டும் நேரம், இரவு 9 மணிக்கு, எனக்கு இங்கே ஞாயிறு காலை ஏழரை. காப்பி குடித்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொண்டு காத்திருப்பேன். சிலிண்டரை மூடி, வலையை எடுத்துவைத்து, மாப்பிள்ளையைப் பொத்தான் அருகில் நிறுத்திவிட்டுக் கூப்பிடு. போனைப் பர்னருக்கு நேரே பிடி, பொறி எங்கிருந்து தாவுகிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன். பேரனை வீட்டுக்குள் உட்காரவைத்துவிடு.

அம்மா கருவேப்பிலைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
அப்பா