என்ன வேலை செய்தீர்கள் என்று பில்லில் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 28 வருடமாக இதே தொழில்தான். எரிந்துபோன தண்ணீர் மோட்டார் வந்தால், உருவிய பழைய கம்பியை எடை போட்டு உரியவரிடமே கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் அதன் விலையைக் கூலியில் கழித்துவிடுவேன். புதுக் கம்பி எந்த கேஜ், எத்தனை கிராம், பேரிங் மாற்றினேனா இல்லையா, எல்லாம் பில்லில் இருக்கும். கம்ப்யூட்டர் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்காக, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இரண்டு மாதம் அலைந்தபோது, இப்படி ஒரு பில் வாங்க நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மகன் டிப்ளமோ படித்தபோது, 2015ல், அதே எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், எச்81 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அது மகளுடையதானது. அவள் பி.யூ. இரண்டாம் ஆண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வீட்டுக் கதை எல்லாம் பேசிக்கொள்வார்கள். "கேம் ஆடுற பெட்டிதானே, தூக்கிப் போடுங்க சார்" என்று ஒரு கடைக்காரர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

பழுது இப்படித்தான் ஆரம்பித்தது. திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். இரண்டு நாளில், ரேஸ் தொடங்கியதும் திரை கருத்து, கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைந்தது. மகள் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டர் வயரைப் போர்டிலேயே செருகினாள். படம் தெளிவாக வந்தது. அந்த ஐ5க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் உண்டு. ஆக, பழுது கார்டில்தான் என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

முதல் கடையில் 1,500 ரூபாய் கேட்டார்கள். "சிப் ரெடி பண்ணித் தர்றோம்" என்றார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் கார்டு வேலை செய்தது. 19 நாள் ஓடியது. இருபதாம் நாள் அதே கட்டங்கள், அதே கருப்புத் திரை. திரும்பப் போனால், "எலக்ட்ரானிக்ஸுக்கு கேரண்டி கிடையாது சார்." பில்லும் கிடையாது.

அவர்கள் செய்தது சிப்புக்குச் சூடு காட்டிய வேலை மட்டும்தான் என்று பிறகு புரிந்தது. சிப்புக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஈயமில்லாத சால்டர் மணிகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அவற்றில் ஒன்று விட்டுப்போகலாம். சிப்புக்கு உள்ளேயே இருக்கும் நுண்ணிய இணைப்பும் விட்டுப்போகலாம். ஹீட் கன் காட்டினால் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும், மறுபடி விட்டுவிடும். பழைய மணிகளைச் சுத்தமாக எடுத்துப் புது மணி வைத்து உட்காரவைப்பதோ, கெட்ட மெமரி சிப்பை மாற்றுவதோதான் வேலை. என் தொழிலில், கருகிய காயிலின் மேல் வார்னிஷ் ஊற்றி ஆறவைத்து "புதுசா கட்டினது" என்று கொடுப்பவனைத் தொழிலாளி என்று யாரும் சொல்லமாட்டோம்.

இரண்டாவது கடையில் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, 5,500 ரூபாய். விலை ஆசை காட்டியது. மகள், கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தாள். 580ல் 2304 ஷேடர், அதாவது படத்தைக் கணக்கிடும் சின்னப் பகுதிகள், இருக்க வேண்டும். அதில் 2048 காட்டியது. பெயர் 580 என்றாலும் உள்ளே இருப்பது அதற்குக் கீழ் ரகமான 570க்குச் சமமான சிப். ஸ்க்ரூவில் பெயின்ட் உரிந்திருந்தது, பிரித்துப் பூட்டிய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. இதுவும் அந்த வழியில் வந்ததா என்று கேட்டேன், சிரித்தார். மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். 24 மணி நேரம் ஓடிய போர்வெல் மோட்டாரையும் பேரிங் மாற்றி நன்றாக ஓட்டலாம். ஆனால் ஓடியது என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

அந்த 580க்கு எட்டு பின் மின் இணைப்பு வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆறு பின் ஒன்றுதான். "கன்வெர்ட்டர் வயர் தர்றேன் சார், 100 ரூபா" என்றார். எட்டு பின் இணைப்பில் 150 வாட் வரை போகலாம். 12 வோல்ட்டில் 150 வாட் என்றால் 12.5 ஆம்பியர். அவர் நீட்டிய வயரோ முடி மாதிரி இருந்தது. கரண்ட் தாங்காத கம்பி என்ன ஆகும் என்பதைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறவன் நான். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு இடம். அங்கிருந்த இளைஞர் முதலில் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், எந்தப் போர்டு என்று கேட்டார். ஜிடிஎக்ஸ் 1060 தன்னிடம் இருப்பதாகவும், ஆனால் 900, 1000 வரிசைகளுக்கு அவற்றின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா, புதுக் கேம்களுக்கேற்ற டிரைவர் மென்பொருள் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டதாகவும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் அவரே சொன்னார். விற்க வேண்டிய சரக்கைப் பற்றி ஒரு வியாபாரி இப்படிச் சொன்னது என் மனதைத் தொட்டது. அவர் காட்டியது பழைய ஜிடிஎக்ஸ் 1650. 75 வாட் போதும், போர்டின் ஸ்லாட்டிலிருந்தே அந்த மின்சாரம் கிடைத்துவிடும், தனி வயர் வேண்டாத ரகம். கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டு இருபது நிமிடம் ஓட்டிக் காட்டினார். சூடு 71 டிகிரியைத் தாண்டவில்லை. விலை 6,800. பில்லில் கார்டின் சீரியல் நம்பர், "தெர்மல் பேஸ்ட் மாற்றியது, சிப்பில் எந்தப் பழுதும் பார்க்கவில்லை, 30 நாள் மாற்றித் தரப்படும்" என்று கையால் எழுதி முத்திரை வைத்தார். இப்போது மூன்று மாதமாக ஓடுகிறது.

எஸ்.பி. ரோடு வியாபாரிகளை நான் கேட்டுக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். பழைய கார்டு விற்றாலும் பழுது பார்த்தாலும் சீரியல் நம்பரையும் செய்த வேலையையும் எத்தனை நாள் பொறுப்பு என்பதையும் எழுதித் தாருங்கள். விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. வாங்குகிற நாமும் வாய் திறந்து கேட்க வேண்டும். தரமாட்டேன் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம். முதல் கடையில் நான் கேட்கவில்லை. அது என் தவறுதான்.

செத்துப்போன 960 கார்டு என் கடை அலமாரியில் இருக்கிறது. முதல் கடைக்காரர் அதை 400 ரூபாய்க்குக் கேட்டார். மறுபடி சூடு காட்டி வேறொரு பிள்ளையின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுமோ என்று பயந்து கொடுக்கவில்லை. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க இருக்கிறேன். அவரிடமும் ரசீது கேட்பேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கடைக்காரர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.