அரைக்கும் நாள் மாறியது ஏன்? மில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டு மசாலா அரைக்க எந்த நாள் என்று மில் வாசலில் மைலோ டின் வைத்து வாக்கு எடுத்த கதை இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். கரும்பலகையில் நான் எழுதியதைப் படம் பிடித்து, அதன் கீழே ‘பொய்க்கணக்கு’ என்று ஒரே ஒரு சொல். மிளகாய்த்தூளில் காரம் பத்தவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அப்பா காலத்திலிருந்து தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தே நிறுக்கிற கடையில் கணக்கு பொய் என்றால் மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தைப்பூசம் முடிந்த கையோடு நம் மில்லில் இருந்த தம்பி வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது நானும் வீட்டுக்காரியும்தான். மிளகாய் அரைத்த கல்லில் மஞ்சள் போடுவதற்கு முன் இரண்டு பிடி பச்சரிசி ஓட்டி, மூடியைத் திறந்து துடைக்க வேண்டும். இதை இரண்டே பேர் தினமும் செய்ய முடியாது. எனவே வீட்டு மசாலாவுக்கு வாரத்தில் ஒரு நாள், மற்ற நாள்களில் சாப்பாட்டுக் கடை ஆர்டர் என்று வைத்துக்கொண்டோம்.

எந்த நாள் என்பதை உங்களிடமே விட்டேன். வீட்டுக்கு ஒரு வாக்கு. எழுதத் தெரியாத பாட்டிமாரும் போட வேண்டும் என்பதால் சீட்டு வேண்டாம் என்றாள் வீட்டுக்காரி. வற்றல் மிளகாய் போட்டால் சனி, மஞ்சள் போட்டால் ஞாயிறு, பட்டை போட்டால் புதன் மாலை. டின்னைக் கொட்டியபோது சில மஞ்சள் உடைந்து கிடந்தது. அவள் தாம்பாளத்தில் பரப்பி, முறிவோடு முறிவு பொருத்திப் பார்த்து, சேர்ந்ததை ஒன்றாகத்தான் எண்ணினாள். (குடவோலை முறை என்று கிண்டல் செய்த அண்ணனுக்கு: உத்திரமேரூரில் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது குலுக்கல். பெரும்பான்மைக்கு அங்கே வேலையே இல்லை.)

மொத்தம் 187. சனி 79, ஞாயிறு 61, புதன் 47. நான் பலகையில் எழுதியது இதுதான்: ‘சனிக்கிழமை 18 பெரும்பான்மையில் வெற்றி.’

நம் மலேசியாவில் தேர்தல் முடிவை இப்படித்தானே சொல்கிறார்கள்? முதலாவது வந்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் வானொலியில் இத்தனை வாக்குப் பெரும்பான்மை என்கிறார்கள், மலாயிலும் மஜோரிட்டி என்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். படித்தவர்கள் பாதிக்கு மேல் என்று எடுத்துக்கொண்டார்கள். 187க்குப் பாதி தாண்ட 94 வேண்டும். சனிக்குக் கிடைத்தது 79. மற்ற 108 வீடு வேறு நாள் கேட்டிருக்கும்போது இது என்ன பெரும்பான்மை என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். 2022 பொதுத் தேர்தலிலும் நடந்தது இதுதானே? நாடாளுமன்றத்தின் 222 இடத்தில் பாதி தாண்ட 112 வேண்டும், எந்தக் கூட்டணிக்கும் அது வரவில்லை. அதிக இடம் பிடித்தவர்களும் உடனே ஆட்சி அமைக்க முடியவில்லை. நவம்பர் 19 வாக்களித்தோம், பிரதமர் பதவியேற்றது 24ஆம் தேதி.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களில் பலருக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. அவர்கள் பாதிப் பேர் ஞாயிறு, பாதிப் பேர் புதன் என்று பிரிந்து போட்டதால் சனி முந்திக்கொண்டது. மும்முனைப் போட்டி என்றால் இதுதான் வரும். ஆகவே புதனை எடுத்துவிட்டு, சனியா ஞாயிறா என்று மறுவாரம் மறுபடியும் டின் வைத்தேன். ஞாயிறு 88, சனி 76. நாள் மாறியது இப்படித்தான்.

இப்போது சனிக்கிழமைக்காரர்களுக்குக் கோபம். இரண்டாம் முறை வந்தது 164 வீடுதான், 88 என்பது 187இல் பாதிகூட இல்லையே என்று கேட்கிறார்கள். இதுவும் சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. எதற்குப் பாதி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நாடாளுமன்றத்திலேயே இரண்டு கணக்கு இருக்கிறது. சாதாரண மசோதாவுக்கு வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் போதும். அரசியலமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு, அதாவது 148 வேண்டும். 2019 ஏப்ரலில் சபா, சரவாக் மாநிலங்கள் பற்றிய திருத்தம் வந்தபோது ஆதரவு 138, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 59 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கிவிட்டார்கள். மசோதா தோற்றது. எதிர்க்காமலே தோற்கடிக்க முடிகிற கணக்கு அது. மிளகாய் அரைக்கிற நாளுக்கு அவ்வளவு பெரிய பூட்டு தேவையில்லை என்று நினைத்தேன். வந்து போட்டவர்களைத்தான் எண்ணினேன். என் தவறு, இந்த விதியை டின் வைப்பதற்கு முன்பே பலகையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்று இத்தனை பேச்சு வந்திருக்காது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பொய்க்கணக்குக்கு இல்லை.

சனிக்கிழமையே தோதாக இருந்த 76 வீட்டையும் நான் மறந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காயவைத்த சாமானைப் பெயர் ஒட்டிய டின்னில் கொடுத்துவிட்டுப் போனால் ஞாயிறு முதல் ஆளாக அரைத்து வைக்கிறோம், நீங்கள் வரும் நாளில் எடுத்துக்கொள்ளலாம். புதன்காரர்களுக்கும் இதேதான். நேரம் ஞாயிறு காலை 8 முதல் மதியம் 1 வரை. அடுத்த மாதம் முதல் அரைக்கும் கூலி கிலோவுக்கு 50 காசு கூடும்.

ஆயர் ஈத்தாமிலிருந்தும் ஜெலுத்தோங்கிலிருந்தும் பை தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி வரும் அக்காமார்கள், கடைகளில் பாக்கெட் தூள் அடுக்கடுக்காக இருக்கும்போதும் ‘நம்ம மில்லுதான்’ என்று வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் நன்றி. வாட்ஸ்அப்பில் அந்தப் படத்துக்குக் கீழே ‘இவர் கை சுத்தம்’ என்று எழுதிய டீச்சரம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

மறு எண்ணிக்கை வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் வழியில்லை. வாக்காக விழுந்த மிளகாயையும் மஞ்சளையும் வீட்டுக்காரி வறுத்து அரைத்துவிட்டாள். இந்த ஞாயிறு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம், தீரும்வரை.

இப்படிக்கு,
உங்கள் மில்காரர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு