ஆத்துக்கரை மாமாவுக்கு, நீங்க சொன்ன அந்தப் "பொய்க்கதை" பத்தி

அன்புள்ள மாமா,

போன ஞாயித்துக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுல மத்தியானம் சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்து நான் படிச்சிட்டு இருந்தப்ப, "ஏம்மா பாப்பா, இம்மாம் நேரமா படிக்கிறியே, அது நடந்த கதையா"ன்னு கேட்டீங்க, நான் இல்ல மாமா பேன்டசின்னு சொன்னேன், "அப்ப பொய்க்கதை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டீங்க. அத்தை காபி கொண்டுவந்து வெச்சாங்க, பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. எனக்குக் கோவம்லாம் இல்ல மாமா. ஆனா சாயந்திரம் பாண்டி பஸ்சுல ஏறி தென்பெண்ணை பாலம் தாண்டுறப்ப ஜன்னல் வழியா ஆத்தைப் பாத்தேன், தொண்டை அடைச்சுக்கிச்சு. ஏன்னா அன்னிக்கு என் கையில இருந்த கதை உங்க கதை. ஆத்துக்கரையையும் மதகையும் பாத்துக்குற லஸ்கர் வேலை பாத்த மனுஷனோட கதை. அதை உங்ககிட்ட சொல்லாமலே வந்துட்டேன், அதான் இந்தக் கடிதம்.

அந்த நாவல் பேரு 'தி டெயின்டட் கப்', ராபர்ட் ஜாக்சன் பென்னட்னு அமெரிக்காக்காரர் 2024ல எழுதினது, 2025ல ஹ்யூகோ விருது வாங்குச்சு, சயின்ஸ் பிக்‌ஷன் பேன்டசி எழுதுறவங்களுக்கு அது பெரிய விருது. கதை நடக்குறது ஒரு பேரரசுல. அங்க கிழக்கால கடல் மாமா, நம்ம ஊர் மாதிரியே. ஒவ்வொரு மழைக்காலத்துலயும் கடல்ல இருந்து மலை அளவுக்குப் பெரிய மிருகங்க எழுந்து கரைக்கு வரும். அதுங்களைத் தடுக்க கடலோரமா பிரம்மாண்டமான சுவர் கட்டியிருக்காங்க, அது உடைஞ்சா உள்ள இருக்குற ஊரெல்லாம் போச்சு. வருஷம் பூரா அந்த சுவரைப் பாத்துக்குறது, விரிசல் அடைக்கிறது, மழைக்காலத்துக்கு முன்னாடி பலப்படுத்துறது, இதுதான் அந்த நாட்டோட முக்கியமான வேலை. ராஜா எங்கயோ இருக்காரு, கதைக்குள்ளயே வர்றதில்ல. வர்றவங்க எல்லாம் இஞ்சினியரு, குமாஸ்தா, விசாரணை அதிகாரி. ஆரம்பமே ஒரு பெரிய இஞ்சினியர் சாவுதான், பணக்காரங்க வீட்டுல, உடம்புக்குள்ள இருந்து மரம் மாதிரி செடி பிச்சுக்கிட்டுக் கிளம்பியிருக்கு. அப்புறம் இன்னும் சில இஞ்சினியருங்க அதே மாதிரி சாகுறாங்க, மழைக்காலம் வந்துருச்சு, சுவர்ல உடைப்பு விழுது. இதையெல்லாம் படிச்சிட்டு இருக்குறப்ப எனக்குத் துப்பறியிற கதை மாதிரியே தோணல மாமா. 2024 டிசம்பர் ஞாபகம்தான் வந்துச்சு.

உங்களுக்கே தெரியும், சொல்லணும்னு இல்ல, இருந்தாலும் சொல்றேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்க பாண்டி பக்கத்துல கரை ஏறுச்சு, முத்தியால்பேட்டையில நாங்க கரண்ட் இல்லாம கட்டில் மேல காலைத் தூக்கி வெச்சு உக்காந்திருந்தோம். சரி மழை விட்டுருச்சு, தப்பிச்சோம்னு நெனச்சோம். அப்புறம்தான் டிசம்பர் 2 விடியக்காலை சாத்தனூர் அணையில இருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தாங்க, தென்பெண்ணை பொங்கிக்கிட்டு உங்க பக்கம் வந்துச்சு. அத்தை போன்ல அழுவுறாங்க, "உங்க மாமா டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு கரைக்குப் போயிட்டாரு"ன்னு. ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷம் ஆன மனுஷன். யாரும் கூப்பிடல. நீங்க பாட்டுக்குக் கிளம்பிப் போய் கரையில எங்க ஊத்து எடுக்குதுன்னு பாத்து, பசங்களைக் கூட்டி சவுக்குக் கட்டை அடிச்சு மணல் மூட்டை போட்டுட்டு, மறுநாள் இடுப்பு வரைக்கும் சேறோட வந்தீங்கன்னு அத்தை சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அந்த நாவல்ல அப்படிப்பட்ட ஆளுங்களை உயரத்துல வெச்சிருக்காரு எழுத்தாளர். வாள் சுத்துற வீரனை இல்ல. கதை சொல்ற பையன் பேரு டின், உதவியாளர் வேலை, பாக்குறது கேக்குறது எதையும் மறக்காத மாதிரி அவன் உடம்பையே மாத்தியிருக்காங்க. அவன்கிட்ட சின்னச் சின்னக் குப்பி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசனை, ஒரு எடத்துக்குப் போறப்ப ஒண்ணை மோந்துக்குவான், அப்புறம் அதே குப்பியை மோந்தா அந்த எடம், அங்க பேசின பேச்சு, தரையில கிடந்தது எல்லாம் வரிசையா ஞாபகம் வரும். இதைப் படிச்சவுடனே உங்க காக்கிச் சட்டை வாசனை வந்துருச்சு எனக்கு. ஈர மண்ணு, டீசல், பீடி. சின்ன வயசுல நீங்க வேலை முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவீங்கல்ல, அது. என்கிட்ட அந்த ஒரு குப்பிதான் இருக்கு.

குறை இல்லாம இல்ல. கடைசியில எல்லாரையும் ஒரு எடத்துல உக்கார வெச்சு, மர்மத்தோட முடிச்சை ஒவ்வொண்ணா அவுக்குறாங்க, அது கொஞ்சம் பழைய பாணி. இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம், ஒரு எடத்துல சுவர் கட்டுனா கடலோட அடி வேற யாருக்குப் போவும்ங்குற கேள்வியை நாவல் இன்னும் ஆழமாக் கேட்டிருக்கலாம். நாங்க பாண்டியில கண்ணால பாக்குறோமே. 80கள் கடைசியில துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு போட்டாங்க, தெக்க இருந்து வடக்க போற மணல் அங்கயே தங்கிருச்சு, காந்தி சிலை பக்கம் இருந்த மணல் கரையை கடல் தின்னுச்சு, அப்புறம் கருங்கல்லைக் கொட்டினாங்க, கல்லு முடியிற எடத்துக்கு வடக்க இருக்குற மீனவ ஊருங்கள்ல அரிப்பு, அங்கயும் கல்லு, அதுக்கு வடக்க இன்னொரு ஊர். சுவர்னு ஒண்ணு வந்துட்டா சுவருக்கு அந்தாண்டன்னு ஒரு ஜனமும் வந்துருது மாமா. அதை யாராவது நாவலா எழுதினா நான் ராத்திரி பகலா படிப்பேன்.

அடுத்தது 'பிரனேசி'. சூசன்னா கிளார்க் எழுதினது, 2020, அடுத்த வருஷம் பெண் எழுத்தாளருங்களுக்குக் கொடுக்குற விமன்ஸ் ப்ரைஸ் வாங்குச்சு. சின்ன புக்குதான், ஆனா எனக்கு இந்தப் பத்து வருஷத்துல ரொம்பப் புடிச்சது எதுன்னு கேட்டா இதான் சொல்லுவேன். ஒரு வீடு, முடிவே இல்லாத கூடம் கூடமா போகுது, எங்க பாத்தாலும் சிலைங்க, கீழ்த்தளத்துல கடல் வந்து போகும், மேல் தளத்துல மேகம். அதுல தங்கியிருக்குறது பிரனேசின்னு ஒரே ஒருத்தன், மீனும் பாசியும் தின்னுட்டு இருக்கான், பாசியைக் காய வெச்சு அடுப்பெரிக்கிறான். அவனோட வேலை என்ன தெரியுமா, எந்தக் கூடத்துல எந்த அலை எப்ப வரும், எவ்வளவு உசரம் வரும், எந்த ரெண்டு அலை எப்ப ஒண்ணு சேரும்னு கணக்குப் பாத்து நோட்டுல எழுதுறது! செத்துப்போன 13 பேரோட எலும்பு அந்த வீட்டுல கிடக்கு, அவனுக்கு யாருன்னே தெரியாது, ஆனா பூ கொண்டுபோய் வெச்சு, தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு பாத்துக்குறான். ஒரு பெரிய கடல் பறவை ஜோடி கூடு கட்ட வந்துச்சுன்னு தன் அடுப்புக்கு வெச்சிருந்த காஞ்ச பாசியைத் தூக்கிக் கொடுத்துடுறான், தான் குளுர்ல கிடந்தாலும் பரவால்லன்னு.

அவன் வருஷத்துக்கு நம்பர் போடுறதில்ல மாமா. பறவை வந்த வருஷம்னு சொல்றான். நம்ம வீட்டுல பேசுறது அப்படித்தானே. பெரியவன் பொறந்தது சுனாமிக்கு முந்தின வருஷம், பலாமரம் போனது தானே புயல் வருஷம், சுவர் எழுப்புனது 2015 வெள்ளத்துக்கு அப்புறம். அந்தப் பக்கத்துல என்னால மேல படிக்க முடியல, மூடி வெச்சுட்டேன்.

உங்க நோட்டு ஒண்ணு பரண் மேல இருக்கே, அட்டை கிழிஞ்சது, ஆத்து அளவுகோல் கல்லுல தண்ணி ராத்திரி எட்டு மணிக்கு இவ்வளவு, பத்து மணிக்கு இவ்வளவு, பன்னெண்டுக்கு இவ்வளவுன்னு எழுதியிருப்பீங்க, ஒரு எடத்துல மழைத்தண்ணி பட்டு நீல மை கரைஞ்சு ரெண்டு வரி போயிருக்கும், அதுக்குக் கீழயே மறுபடி அதே ரெண்டு அளவை எழுதி கையெழுத்துப் போட்டிருப்பீங்க. பிரனேசியோட நோட்டைப் படிச்சப்ப எனக்கு மனசுல தெரிஞ்சது அந்தப் பக்கம்தான். கதையில கடைசியா பெரிய வெள்ளம் வருது, அவன் கணக்கு சரியா இருக்கு. அந்த வெள்ளத்துல யாரு என்ன ஆனாங்கன்னு நேர்ல சொல்றேன்.

இன்னொரு புக்கு, 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்', கிம் ஸ்டான்லி ராபின்சன், இதுவும் 2020. முதல் அத்தியாயம் உத்தரப் பிரதேசத்துல ஒரு வெயில் காலம். வெறும் சூடு இல்ல, சூடும் புழுக்கமும் சேந்து, வேர்வை காயவே காயாது, வேர்வை காஞ்சாத்தான் உடம்பு ஆறும், அது நின்னா நிழல்ல உக்காந்திருக்குற நல்ல திடமான ஆளும் செத்துருவான். கரண்ட் போயிடுது, ஜனங்க ஏரிக்குள்ள எறங்குறாங்க, ஏரித்தண்ணி உடம்பை விட சூடா இருக்கு. மே மாசம் காத்து நின்ன ராத்திரியில நம்ம கடலோரத்துல படுத்துப் பாத்தவங்களுக்கு இது பொய்யா தெரியாது. அதுக்கப்புறம் நாவல் பூரா மீட்டிங்குதான், நெறைய பேரு போரடிக்குதுன்னு சொன்னாங்க, எனக்குப் புடிச்சுது, அன்டார்டிகாவுல பனிக்கு அடியில இருக்குற தண்ணியை போர் போட்டு எறச்சு பனி சரியிறதை மெதுவாக்குற எடம் வருது, நீங்க கேட்டா நூறு கேள்வி கேப்பீங்க. ஆனா ஒரு வருத்தம். அவ்வளவு பேரு சாகுறாங்க, அந்த ஊர்ல இருந்து கதை அப்புறம் பின்னாடி போறது பொழச்ச ஒரு அமெரிக்கக்காரன் பின்னாடிதான். அந்த ஊரு ஜனத்துல ஒருத்தர் முகம்கூட எனக்கு மனசுல நிக்கல. அதை என்னால ஏத்துக்க முடியல.

2024 புக்கர் விருது வாங்குன 'ஆர்பிட்டல்' இருக்கு, சமந்தா ஹார்வி. விண்வெளி நிலையத்துல ஆறு பேரு, ஒரே நாள்ல பூமியை 16 சுத்து, கீழ ஒரு புயல் பிலிப்பைன்ஸை நோக்கிப் போறதை மேல இருந்து பாக்குறாங்க. வார்த்தை ஒவ்வொண்ணும் முத்து. நான் அதை ஃபெஞ்சல் வந்த அதே டிசம்பர்ல படிச்சேன், புயலை மேல இருந்து அழகா பாக்குறதை அப்ப என்னால தாங்க முடியல, திரும்ப ஒரு நாள் நிதானமா படிக்கணும். 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி' வேற ரகம், ஆன்டி வெயர் 2021ல எழுதினது, அதுல ராக்கின்னு வேத்துக்கிரக ஜீவன் ஒண்ணு வருது, கண்ணு கிடையாது, சத்தத்தை வெச்சே உலகத்தை அறியும், பேசுறதே ராகம் மாதிரி இருக்கும், எதைக் கொடுத்தாலும் ரிப்பேர் பண்ணிரும். அதை உங்களுக்குக் கட்டாயம் புடிக்கும். பூமியில நடக்குற பகுதிங்க எனக்கு அவ்வளவா ஒட்டல. டிராகன், போர்க் கல்லூரி, காதல்னு இப்ப ஓடுற நாவல்களும் படிச்சேன், வேகமா போவுது, ஆனா அவங்க காப்பாத்துற ஊர்ல யாரு இருக்கா, என்ன வேலை செய்யுறான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல.

நீங்க ஒரு தடவை வீராணத்துக்கு எங்களைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப, பொன்னியின் செல்வன் ஆரம்பிக்கிறது இந்த ஏரிக்கரையிலதான், ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரை மேல இந்தக் கரையிலதான் வர்றான்னு கையை நீட்டிக் காட்டுனீங்க. அதுவும் கற்பனைதான் மாமா. ஆனா நீங்க அதைப் பொய்க்கதைன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கரையும் தண்ணியும் நெசம்ங்குறதால. நான் படிக்கிறதுலயும் நான் தேடுறது அதைத்தான்.

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் டிவி, பேப்பர் எதுவும் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாமே, அத்தை சொன்னாங்க. நான் வந்து படிச்சுக் காட்டுறேன். இங்கிலீஷ்ல பாத்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன், தடுமாறினா பொறுத்துக்கங்க. டெயின்டட் கப்ல இருந்து ஆரம்பிக்கலாம். அதுல சுவர் உடையிற எடம் வர்றப்ப எனக்கு உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும், கரையில ஊத்து எடுக்குறப்ப தண்ணி தெளிவா வந்தா ஒண்ணு, கலங்கலா வந்தா வேறன்னு ஒரு தடவை சொன்னீங்களே, அதை முழுசா சொல்லணும், நான் எழுதி வெச்சுக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி பஸ்சுல வர்றேன். பரண்ல இருந்து அந்த நோட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்க அத்தைகிட்ட. நீங்க ஏறாதீங்க.

உங்க பாப்பா,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி