குத்தகை முடியும் நாள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகழ்பெற்ற படங்களையும் பாத்திரங்களையும் வைத்து வீடியோ கேம் தயாரிக்க ஆகும் உரிமச் செலவு பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். முன்பணம், ராயல்டி என்று பணக்கணக்கு தெளிவாக இருந்தது. நாள் கணக்கைத்தான் காணவில்லை.

1982இல் 'இ.டி.' படத்தை வைத்து ஆட்டம் செய்யும் உரிமத்துக்கு அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனம் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்வார்கள். பேரம் படிவதற்குள் ஜூலை கடைசியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விற்பனையைத் தவறவிட முடியாது. நிரல் எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்தே வாரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! விற்காத கேட்ரிட்ஜ்களை (ஆட்டம் பதிந்த பெட்டிகளை) மறு ஆண்டு நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். ஆடியவர்களைவிடத் தோண்டியவர்களுக்கு அதிக சுவாரசியம் கிடைத்திருக்கும்.

அவசரத்தின் விலை அது. அதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது குத்தகைக் காலம், அதாவது உரிமம் செல்லுபடியாகும் காலம். மார்வெல் பாத்திரத்தை வைத்து 2013இல் வந்த 'டெட்பூல்' ஆட்டம், உரிமம் முடிந்ததால், சில மாதங்களிலேயே இணையக் கடைகளிலிருந்து மறைந்தது. 2015இல் திரும்பி வந்தது. 2017இல் மறுபடியும் போய்விட்டது. 'ஆலன் வேக்' ஆட்டத்தின் விற்பனை, அதிலுள்ள பாடல்களின் உரிமம் முடிந்ததால், 2017 மே முதல் மறு ஆண்டு புதுப்பிக்கும் வரை நின்றிருந்தது. இவற்றிலாவது முன்பே வாங்கியவர் தப்பினார். 2008இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' பத்து ஆண்டுகள் கழித்து, உரிமம் முடிந்ததால், பல பாடல்களை இழந்தது, காசு கொடுத்து வாங்கியவர்களின் பிரதிகளிலும் சேர்த்து. விற்ற வீட்டுக்குள் நுழைந்து ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உரிமையாளருக்குப் பணம் போவதில் எனக்கு வருத்தமில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தின் மூலம், அதற்கு அடிப்படையான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவுக்கு ஏறத்தாழ 9 கோடி டாலர் கிடைத்தது. ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்தது, கொடுக்கட்டும். ஆனால் குத்தகை நிலத்தில் கட்டிய வீட்டை விற்பவர், குத்தகை எப்போது முடியும் என்பதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டாமா? மருந்து அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. ஆட்டத்தின் விற்பனைப் பக்கத்தில் ஏன் இல்லை?

ஒப்பந்தம் இரகசியம் என்பார்கள். தொகை இரகசியமாகவே இருக்கட்டும், தேதியை மட்டும் போடட்டும். தங்கள் இதழின் மதிப்புரையாளர்களும் இனி மதிப்பெண் போடும்முன் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்